விற்றபின்னும் விடாத பிடி

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே உரியது. இதனை நிலைநாட்ட நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. சந்தைக்குப் போய்வரும் சிறுவனும் அறிவான். துவிச்சக்கர வண்டியை வாங்கியவர் தேய்ந்த ரயரை மாற்றுகிறார். பாரம் ஏற்ற வேண்டுமாயின் பின்புறத்தில் ஒரு தாங்கியைப் பூட்டுகிறார். தையல் இயந்திரத்தை வாங்கியவர் வார் அறுந்தால் வேறு வார் போடுகிறார். இவற்றுக்கெல்லாம் இயந்திரத்தைச் செய்த கம்பனியின் அனுமதியை எவரும் கேட்பதில்லை. ஆனால், இன்று மாணவரின் புத்தகமாகவும், எழுதுவினைஞரின் மேசையாகவும், சிறு வியாபாரியின் கணக்கேடாகவும் விளங்கும் மடிக்கணினியின் விடயத்தில் மட்டும் இந்த எளிய உரிமை மெல்ல மெல்லக் கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது. எந்தப் பாராளுமன்றமும் சட்டம் இயற்றி இதனைப் பறிக்கவில்லை. உருக்கிய உலோகத்தின் ஒரு துளியால் இது பறிக்கப்படுகிறது.

இது தொழில்நுட்ப வல்லுநரின் விவகாரம் என்று வாசகர்கள் ஒதுங்கிவிடலாகாது. விடயம் மிக எளியது. மடிக்கணினியினுள்ளே தாய்ப்பலகை எனப்படும் மின்சுற்றுப் பலகை ஒன்று உண்டு. கணக்கிடும் மூளையாகிய செயலி அதன்மேல் அமர்ந்திருக்கிறது. வேலை நடக்கும் நேரத்தில் மட்டும் செய்திகளை ஏந்திவைத்திருப்பது நினைவகம். கணினியை அணைத்த பின்னும் நமது கடிதங்களையும் படங்களையும் கணக்குகளையும் காத்துவைப்பது சேமிப்பகம். இவற்றுக்கு உயிரூட்டுவது பற்றரி. முன்னாளில் நினைவகம் ஒரு சிறு அட்டையாக வந்தது. அதற்கென அமைந்த பள்ளத்தில் சற்றுச் சாய்வாகச் செருகி அழுத்தினால் இருபுறத்துக் கொளுவிகளும் பிடித்துக்கொள்ளும். சேமிப்பகமும் அவ்வாறே, ஓர் ஆணியைக் கழற்றினால் கையோடு வரும். போதாது என்று கண்டால் பெரியதை வாங்கிப் போடலாம். பழுதானால் அதனை மாத்திரம் மாற்றலாம்.

இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அந்தப் பள்ளம் இல்லை. பொற்கொல்லர் பற்றாசு வைத்து நகையை ஒட்டுவதுபோல, நினைவகச் சில்லுகளைத் தாய்ப்பலகையோடு நேராகப் பற்றவைத்து விடுகின்றனர். சிலவற்றில் சேமிப்பகத்துக்கும் அதே கதி. பற்றரியோ பசையிட்டு ஒட்டப்படுகிறது. வாங்கிய நாளில் எத்தனை கிகாபைற்று இருந்ததோ, இறுதிநாள் வரையில் அத்தனையே.

இந்த வழக்கம் ஒரே நாளில் வந்ததன்று. அப்பிள் கம்பனி 2008 ஆம் ஆண்டு சனவரியில் மக்புக் எயார் என்னும் மெல்லிய மடிக்கணினியை வெளியிட்டபோது அதன் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. மெலிவுக்காகச் செய்த தனி ஏற்பாடு என்று அதனை அன்று கருதியவர் பலர். 2012 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், தொழில்சார் வேலைகளுக்கென விற்கப்படும் மக்புக் புரோவும் அதே வழியிற் சென்றது. பற்றரியும் பசைக்கு இரையாயிற்று. 2015 ஆம் ஆண்டில் வந்த 12 அங்குல மக்புக்கில் செயலி, நினைவகம், சேமிப்பகம் ஆகிய மூன்றும் ஒரே பலகையில் ஒட்டிக்கொண்டன. 2020 ஆம் ஆண்டு நவம்பரில் அறிமுகமான எம் 1 செயலியோடு, நினைவகம் செயலியின் உறைக்குள்ளேயே புகுந்துவிட்டது. விதிவிலக்காகத் தொடங்கியது விதியாக முடிந்தது. ஏனைய கம்பனிகளும் தத்தம் மெல்லிய வகைகளில் இதனைப் பின்பற்றின.

எதிர்த்தரப்பின் நியாயத்தை எடுத்துரைக்காமல் தீர்ப்புக் கூறுவது நமது வழக்கமன்று. பற்றவைப்பதனால் நன்மையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் நினைவகச் சில்லுகள் செயலிக்கு மிக அண்மையில் இருத்தல் வேண்டும். மின்சைகை செல்லும் பாதை நீண்டாலும், இடையில் இணைப்பிகள் வந்தாலும், சைகை குலையும், வேகம் குறையும். பள்ளத்தில் செருகும் அட்டை உயரத்தையும் இடத்தையும் பிடிக்கிறது. பற்றரி நெடுநேரம் நிலைப்பதற்கும் கணினி மெலிவதற்கும் பற்றவைத்தல் உதவுகிறது என்பது உண்மை. திருத்துவதற்கு எளிதான கணினிகளைச் செய்வதையே தன் கொள்கையாகக் கொண்ட ஃபிரேம்வேர்க் என்னும் நிறுவனமே 2025 ஆம் ஆண்டு தான் அறிவித்த மேசைக்கணினியில் நினைவகத்தைப் பற்றவைத்தது. ஏ.எம்.டி. கம்பனியின் அந்தச் செயலிக்கு வேண்டிய வேகத்தில், கழற்றக்கூடிய நினைவகம் சரிவர இயங்காது என்பதை ஆராய்ந்து பார்த்த பின்னரே அவ்வாறு செய்ததாக அது வெளிப்படையாகக் கூறியது. காரணத்தைச் சொல்லிச் செய்யும் காரியத்தை நாம் குறைகூறோம்.

ஆனால், நினைவகத்துக்குப் பொருந்தும் இந்த நியாயம் சேமிப்பகத்துக்கும் பற்றரிக்கும் எவ்வாறு பொருந்தும்? சேமிப்பகம் செயலியின் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 22 மில்லிமீற்றர் அகலமும் 30 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட, தபால் முத்திரையளவான சேமிப்பக அட்டைகள் சந்தையில் உள்ளன. அவற்றுக்கு இடமில்லாத மெலிவு என்ன மெலிவு? மைக்ரோசொப்ட் கம்பனி 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட சேர்பேஸ் மடிக்கணினியைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிற் என்னும் பழுதுபார்ப்பு நிறுவனம், திருத்தக்கூடிய தன்மைக்காக அதற்கு 10 இற்கு 0 புள்ளி வழங்கியது. இரண்டே ஆண்டுகளில், 2019 இல், அதே வரிசையின் மூன்றாவது கணினி கழற்றக்கூடிய சேமிப்பகத்துடன் வந்து 5 புள்ளி பெற்றது. இயற்கையின் விதி இரண்டு ஆண்டுகளில் மாறிவிட்டதா? இல்லை. கம்பனியின் மனம் மாறியது, அவ்வளவே.

நினைவகத்திலும் வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. டெல் கம்பனி 2022 இல் தட்டையான புதுவகை நினைவக அட்டையொன்றைத் தன் பிரெசிசன் கணினிகளில் கொண்டுவந்தது. அந்த அடிப்படையில் எழுந்த பொதுத்தரத்தை, நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023 ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டது. பற்றவைத்தாலன்றி இயங்காது என்று சொல்லப்பட்ட அதே மின்சிக்கன நினைவகத்தை அட்டையில் ஏற்றி ஆணியால் இறுக்கிக்கொள்ள இத்தரம் இடமளிக்கிறது. 2024 இல் லெனோவோ தன் திங்பாட் பி 1 கணினியில் அதனைப் பயன்படுத்தியும் காட்டியது. அதே ஆண்டில் வந்த திங்பாட் டி 14 கணினியின் ஐந்தாந் தலைமுறையில் செருகும் நினைவகத்துக்கு இரண்டு பள்ளங்கள் இருந்தன. ஐஃபிக்ஸிற் அதற்கு 10 இற்கு 9 புள்ளி அளித்தது. இன்டெல் கம்பனியும் 2024 இல் நினைவகத்தைச் செயலியின் உறைக்குள் வைத்து ஒரு வகையை வெளியிட்டுவிட்டு, அது ஒருமுறைக்கு மட்டுமான ஏற்பாடு என்று அவ்வாண்டே அறிவித்தது. எனவே, "வேறு வழியில்லை" என்னும் கூற்று எங்கும் எப்போதும் உண்மையன்று. பல இடங்களில் வழி உண்டு, மனமே இல்லை.

மனம் இல்லாமற் போனது ஏன்? விலைப்பட்டியலைப் பார்த்தால் விளங்கும். 2020 இல் எம் 1 மக்புக் எயாரின் அடிப்படை விலை 999 டொலர். அதன் நினைவகம் 8 கிகாபைற்று. இன்னும் 8 கிகாபைற்று வேண்டுமாயின் மேலதிகமாக 200 டொலர். செருகும் வகையைச் சேர்ந்த 8 கிகாபைற்று அட்டை அக்காலத்தில் அதன் சிறு பங்கு விலைக்குக் கடையிற் கிடைத்தது. இரண்டும் ஒரே வகையல்ல என்பதை ஒப்புக்கொள்வோம். ஆயினும், வாங்குபவருக்குக் கடைத்தெருவில் இன்னொரு கடை இருந்திருப்பின் அந்த 200 டொலர் நிலைத்திருக்குமா? போட்டிக் கடைகளை எல்லாம் பூட்டிவிட்டு விலை கூறும் வியாபாரம் இது. மேலும், அந்த விலையை வாங்கும் நாளிலேயே கொடுக்க வேண்டும். நாளை கொடுக்கிறேன் என்பவருக்கு நாளை என்பதே இல்லை.

ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின் எவ்வளவு தேவைப்படும் என்று முதல் நாளிலேயே சாத்திரம் பார்த்துச் சொல்ல எவரால் இயலும்? 2001 இல் வின்டோஸ் எக்ஸ்பி இயங்குவதற்குக் குறைந்தபட்சம் 64 மெகாபைற்று நினைவகம் போதும் என்றது மைக்ரோசொப்ட். 2021 இல் வின்டோஸ் 11 கேட்டது 4 கிகாபைற்று. இருபது ஆண்டுகளில் 64 மடங்கு! 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில், செயற்கை நுண்ணறிவு வசதியுள்ள புதுவகைக் கணினிகளுக்கு 16 கிகாபைற்று வேண்டும் என்று அதே கம்பனி வரையறுத்தது. தேவையைக் கூட்டுபவர்கள் அவர்கள். அதனை முன்கூட்டியே ஊகிக்க வேண்டியவர்கள் நாம். ஊகம் பிழைத்தால் முழுக் கணினியையும் இழப்பவர்களும் நாம். 2025 இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெருங் கணினி நிலையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் உயர்ந்தது. பள்ளமுள்ள கணினியை வைத்திருப்பவர் இப்போதைக்குச் சிறியதோடு சமாளித்து, விலை இறங்கும்வரை காத்திருக்கலாம். பற்றவைத்த கணினியை வாங்குபவருக்கு அந்தப் பொறுமைக்கும் உரிமை இல்லை.

பணத்தை விட்டுவிடுவோம். பணத்தால் திரும்பப் பெற முடியாத இழப்பும் உண்டு. கழற்றக்கூடிய சேமிப்பகம் உள்ள கணினியில் தேநீர் ஊற்றிப் பலகை எரிந்துபோனாலும், அந்த அட்டையை எடுத்து வேறொரு கணினியிற் பூட்டி உள்ளிருப்பதை மீட்க இடமுண்டு. சேமிப்பகம் பலகையோடு பற்றியிருந்தால் பலகையின் சாவே அதன் சாவு. 2018 இற்குப் பின் அப்பிளின் மடிக்கணினிகளில் வந்த காவற் சில்லு, சேமித்தவற்றை மறைகுறியாக்கித் திறவுகோலைத் தன்னகத்தே வைத்துக்கொள்கிறது. திருடனிடமிருந்து காப்பதற்கு நல்ல ஏற்பாடே. ஆனால் அந்தச் சில்லும் பலகையோடு மாண்டால் உரியவருக்கும் கதவு அடைபடுகிறது. பல்கலைக்கழக மாணவரின் மூன்றாண்டு ஆய்வும், மறைந்த பெற்றோரின் படங்களும் அக்கதவுக்குள் இருந்தால் எந்தக் கம்பனி ஈடு கொடுக்கும்?

இலங்கையில் வாழும் நமக்கு இவ்வுண்மை மேலும் உறைக்கும். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. சம்பளம் நின்ற இடத்தில் நிற்க, இறக்குமதிப் பொருளின் விலை மாடியேறியது. அத்தகைய காலத்தில் ஒரு சிறு அட்டையை வாங்கிப் பழைய கணினியை இன்னும் இரண்டு ஆண்டுகள் ஓட்டுவதற்கும், புதிய கணினியையே வாங்க நேர்வதற்கும் உள்ள வேறுபாடு, ஏழைக் குடும்பத்துப் பிள்ளை படிப்பதற்கும் படிப்பை விடுவதற்கும் உள்ள வேறுபாடாகும். ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022 இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன்; அதில் 22.3 வீதமே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியது. ஒரு சில்லுக்காக முழுக் கணினியையும் எறியச் செய்யும் அமைப்பு இந்தக் குப்பைமேட்டை உயர்த்துமா, தாழ்த்துமா?

பிற நாடுகள் விழித்துக்கொண்டுள்ளன. ஆனால் முழுதாக அல்ல. பிரான்சு 2021 சனவரி முதல் மடிக்கணினி முதலியவற்றின்மேல், அவை எவ்வளவு எளிதில் திருத்தத்தக்கவை என்பதைக் காட்டும் புள்ளியை அச்சிடச் செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பற்றரிச் சட்டம், 2027 பெப்ரவரி 18 முதல் கையடக்கப் பொருள்களின் பற்றரிகளைப் பாவனையாளரே கழற்றத்தக்கதாய் அமைக்க வேண்டும் என்கிறது. 2024 இல் அதே ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமைக்கான பணிப்புரையையும் ஏற்றது. ஆனால், சலவை இயந்திரமும் கைத்தொலைபேசியும் இடம்பெற்ற அதன் பட்டியலில் மடிக்கணினி அப்போது இடம்பெறவில்லை. நினைவகத்தைப் பற்றவைக்கலாகாது என்று இவற்றுள் எதுவும் கூறவில்லை. எனவே, சட்டம் வரும்வரை காத்திருப்பதில் பயனில்லை.

நமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, நினைவகம், சேமிப்பகம், பற்றரி ஆகிய மூன்றில் எவை கழற்றத்தக்கவை, எவை அல்ல என்பது விலைச்சீட்டிலேயே நமது மொழிகளில் எழுதப்பட வேண்டும். மருந்துப் போத்தலில் காலாவதித் திகதி இருப்பதுபோல இதுவும் இருக்கட்டும். இரண்டாவது, பாடசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பொதுப்பணத்திற் கணினி வாங்கும்போது, கழற்றக்கூடிய சேமிப்பகமும் பற்றரியும் இன்றியமையாதவை என்றும், நினைவகத்துக்கு ஒரு பள்ளமேனும் இருப்பது விரும்பத்தக்கது என்றும் கேள்விப்பத்திரத்தில் விதிக்க வேண்டும். கடல்கடந்த தொழிற்சாலைக்குக் கட்டளையிட ஒரு சிறிய நாட்டால் இயலாது. ஆனால் தன் பணப்பையின் வாயைத் திறப்பதும் மூடுவதும் அந்நாட்டின் கையில்தான் உண்டு.

மூன்றாவது கோரிக்கை வாசகர்களாகிய உங்களிடமே. கடைக்குப் போனால் நிறத்தையும் மெலிவையும் பார்த்து மயங்காதீர்கள். "இதன் நினைவகத்தைக் கூட்டலாமா? சேமிப்பகத்தைக் கழற்றலாமா? பற்றரியை மாற்றலாமா?" என்று கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால், அந்தக் குறைக்கு ஈடாக விலை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லையெனில் அடுத்த கடைக்கு நடவுங்கள். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். நூறு பேர் கேட்டால் இறக்குமதியாளருக்கு எழுதுவார். இலட்சம் பேர் கேட்டால் கம்பனியின் வரைபடம் மாறும். 2019 இலும் 2024 இலும் கழற்றும் வழிக்கு மீண்ட கம்பனிகளே அது மாறக்கூடியது என்பதற்குச் சான்று. விற்றவர் பிடியை விடும்வரை வாங்கியவர் கேள்வியை விடலாகாது.