33-ஆம் பிரிவும் ஓர் இலட்சம் கோடி ரூபாயும்

கைகளால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்து மறுவாழ்வு அளிப்பதற்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாம் பெரும்பாலும் ஓர் இறப்புக்குப் பிறகே கையில் எடுக்கிறோம். முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு சேர்க்கப்பட்டது, இழப்பீடு வந்ததா, ஒப்பந்ததாரர் கைதானாரா என்னும் கேள்விகளுக்குள்ளேயே வழக்கு முடிந்துவிடுகிறது. அதே சட்டத்தின் 33-ஆம் பிரிவை வாதத்தில் எடுத்துரைப்போர் அரிது. கழிவுநீர்க் குழாய்களையும் தொட்டிகளையும் தூய்மை செய்ய உரிய கருவிகளைப் பயன்படுத்துவது ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பின் கடமை என்கிறது அதன் முதல் உட்பிரிவு. நிதியுதவி, ஊக்கத்தொகை உள்ளிட்ட வழிகளில் அத்தகைய நவீனத் தொழில்நுட்பத்தை வளர்ப்பது அரசின் கடமை என்கிறது இரண்டாம் உட்பிரிவு. கவனியுங்கள்: சட்டம் சொல்வது கடமை, விருப்பம் அன்று.

இந்தப் பிரிவை இப்போது நினைவூட்டக் காரணம் இருக்கிறது. ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத்திற்கென ஓர் இலட்சம் கோடி ரூபாய் திட்டத்திற்கு ஒன்றிய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின்கீழ் தனி நிதியமாக அது வைக்கப்பட்டு, இரண்டாம் நிலை நிதி மேலாளர்கள் வழியாகத் தொழில் நிறுவனங்களுக்கு நீண்டகாலக் கடனாகவும் பங்கு மூலதனமாகவும் செல்கிறது. ஆய்வகத்தில் ஏற்கெனவே மெய்ப்பிக்கப்பட்ட நிலையை எட்டிய தொழில்நுட்பங்களுக்கே அந்தப் பணம். அப்படியானால் அந்த ஆய்வகத்திற்குள் முதலில் நுழைந்தவர் யார் என்பதே கேள்வியாகிறது.

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ஹோமோசெப் கருவியை எடுத்துக்கொள்வோம். மலத்தொட்டியின் அடியில் இறுகிக் கிடக்கும் கசடைச் சுழலும் தகடுகளால் கலக்கி, உறிஞ்சி வெளியேற்றும் கருவி அது. மனிதர் தொட்டிக்குள் இறங்க வேண்டியதில்லை. பேராசிரியர் ஒருவரின் ஆய்வுக் குழுவும், அதே வளாகத்தில் தோன்றிய சாலினாஸ் என்னும் சிறு நிறுவனமும், சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் இயக்கமும் சேர்ந்து அதைக் களத்திற்குக் கொண்டுவந்தன. 2022-இல் முதல் கருவிகள், மலக்குழியில் கணவரை இழந்த பெண்கள் தலைமையேற்ற சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. பல்கலைக்கழகமும் சிறு நிறுவனமும் கைகோக்கும் ஆய்வு எதற்காக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நாம் காணவில்லை. ஆனால் அந்த முயற்சிக்குத் தோள் கொடுத்தவற்றில் முதன்மையானது பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 33(2)-ஆம் பிரிவு அரசின் கடமை என்று எழுதியதை ஈகையாளர்கள் சுமந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. எந்தத் தொட்டியில் கசடு எவ்வளவு இறுகும், நச்சுக்காற்று எப்போது எழும், குழாய் எந்த இடத்தில் அடைக்கும் என்பது தலைமுறை தலைமுறையாக அந்தப் பணிக்குள் தள்ளப்பட்ட மக்களின் அறிவு. ஆய்வு மொழியில் அதற்குக் ‘களத் தரவு’ என்று பெயர். தரவைத் தந்தவர் ஆய்வின் கூட்டாளி ஆவதில்லை. கருவி வந்த பிறகு ‘பயனாளி’ ஆகிறார். காப்புரிமை விண்ணப்பத்தில் அவர் பெயருக்கு இடமில்லை. நிறுவனத்தின் பங்கிலும் இல்லை. தனியொரு நிறுவனத்தைக் குறைகூற நாம் இதைச் சொல்லவில்லை. நிதி விதிகளின் கட்டமைப்பே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

பட்டியலினத் தொழில்முனைவோருக்குத் திட்டங்களே இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. 2015-இல் பட்டியலினத்தோருக்கான துணிகர மூலதன நிதியம் தொடங்கப்பட்டது. அதன்கீழ் 2020 செப்டம்பரில் வந்த அம்பேத்கர் சமூகப் புத்தாக்க இயக்கம், நான்கு ஆண்டுகளில் 1,000 இளைஞர்களுக்கு, மூன்றாண்டுகளில் தலா 30 இலட்சம் ரூபாய் வரை பங்கு மூலதனம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் பட்டியலின, பழங்குடியினரின் புத்தொழில்களில் அரசே முதலிடும் நிதியம் 2022-23-இல் 30 கோடி ரூபாயுடன் தொடங்கியது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. சென்னைக் குடிநீர் வாரியத்தில் தூய்மைப் பணியாளர்களையே கழிவகற்றும் ஊர்திகளின் உரிமையாளர்களாக்கும் முயற்சி இதன் வழியாகவே நடந்தது. இவற்றை நாம் சிறுமைப்படுத்தவில்லை. நம் தோழர்கள் பலர் இவற்றால் நிமிர்ந்திருக்கிறார்கள்.

ஆயினும் பட்டியலைத் திரும்பப் படித்தால் ஒன்று புலப்படும். கடனும் மானியமும் நமக்கு, ஆய்வு அவர்களுக்கு. ஊர்தியை வாங்கி ஓட்டலாம், ஊர்தியை வடிவமைக்கும் மேசையில் நாற்காலி இல்லை. விதிவிலக்கானது அம்பேத்கர் இயக்கம் மட்டுமே; அதற்கும் தொழில்நுட்ப வளர்காப்பகங்களின் வழியாகவே வர வேண்டும். ஒன்றியக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் புத்தாக்கத் திட்டத்திலும் அதே நிலைதான். ஓர் யோசனைக்கு 15 இலட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆனால் அந்த யோசனை ஒரு கல்லூரியின் அல்லது ஆய்வு நிறுவனத்தின் வாசல் வழியாக வர வேண்டும். அந்த வாசலில் அமர்ந்திருப்பவர் யார்? ஐ.ஐ.டி.களின் ஆசிரியர் பணியிடங்களில் பட்டியலின, பழங்குடியினரின் பங்கு இட ஒதுக்கீட்டு அளவை நெருங்கவே இல்லை என்பதை நாடாளுமன்றத்தில் அரசே அளித்த விடைகள் காட்டிவந்துள்ளன. ஒன்றியக் கல்வி நிறுவன ஆசிரியர் பணியிட ஒதுக்கீட்டிற்கெனத் தனிச் சட்டம் 2019-இல் வந்த பிறகும் இதே கதைதான். வழிகாட்டிப் பேராசிரியர், தேர்வுக் குழு, முன்னாள் மாணவர் முதலீட்டாளர் என்று ஒன்றிலிருந்து ஒன்றாக நீளும் அறிமுகச் சங்கிலியில் சாதி தன்னை அறிவித்துக்கொள்ளாமலேயே வேலை செய்கிறது. ‘தகுதி’ என்று அதற்குப் பெயரிடுவது எளிது.

இத்தகைய கூட்டாய்வு நிதியைச் சட்டமாகவே இயற்றிய நாடு அமெரிக்கா. சிறு நிறுவனங்களுக்கான புத்தாக்க ஆய்வு நிதிச் சட்டம் அங்கே 1982-இல் வந்தது. சிறுபான்மையினரும் பின்தங்கியோரும் தொழில்நுட்பப் புத்தாக்கத்தில் பங்கேற்பதை ஊக்குவிப்பது அதன் நான்கு நோக்கங்களில் ஒன்றாகச் சட்ட வாசகத்திலேயே இடம்பெற்றது. 1992-இல் பல்கலைக்கழகக் கூட்டாய்வுக்கென எஸ்.டி.டி.ஆர். என்னும் தனித் திட்டம் உருவானது. அதில் பணியில் குறைந்தது 40 விழுக்காட்டைச் சிறு நிறுவனமும் 30 விழுக்காட்டை ஆய்வு நிறுவனமும் செய்ய வேண்டும். அறிவுசார் சொத்துரிமையை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று இரு தரப்பும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளவும் வேண்டும். வலுவற்ற தரப்பைப் பல்கலைக்கழகம் விழுங்கிவிடாமல் தடுக்கும் வேலி அது.

அங்கேயும் நோக்கம் முழுதாக நிறைவேறிவிடவில்லை. கறுப்பின, இலத்தீன் அமெரிக்க மக்களின் நிறுவனங்கள் பெற்ற பங்கு மிகச் சிறியது என்று அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகங்களின் மதிப்பீடுகளே கூறின. நோக்கத்தைச் சட்டத்தில் எழுதியதோடு கணக்கும் எடுத்ததால்தான் இந்தத் தோல்வி ஆவணமாயிற்று. நம்முடைய ஓர் இலட்சம் கோடியில் எத்தனை ரூபாய் பட்டியலினத்தோரின் நிறுவனங்களுக்குச் சென்றது என்பது கட்டாயக் கணக்காக வெளியிடப்படாவிட்டால், தோல்வி என்று சுட்டுவதற்குக்கூட நம்மிடம் ஒன்றும் இருக்காது.

கணக்கு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அரசுக் கொள்முதல் விதியே சான்று. ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து 25 விழுக்காடு வாங்க வேண்டும். அதில் 4 விழுக்காடு பட்டியலின, பழங்குடியினரின் நிறுவனங்களிடமிருந்து. அந்த 4 விழுக்காடு எட்டப்படவில்லை என்று நம்மால் சொல்ல முடிவதற்குக் காரணம் அது எண்ணாக எழுதப்பட்டதும், வாங்கியது எவ்வளவு என்று கணக்கிடப்படுவதும்தான்.

தமிழ்நாட்டுக்கு வழி திறந்திருக்கிறது. மக்கள்தொகை விகிதத்திற்கேற்ப நிதி ஒதுக்குவதை உறுதிசெய்யும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தைச் சட்டப்பேரவை 2024 ஜூனில் நிறைவேற்றியது. அச்சட்டத்தின்கீழ், 33(2)-ஆம் பிரிவின் கடமையை நிறைவேற்றவென்றே ஒரு கூட்டாய்வு நிதி கோருவது சட்டப்படி முற்றிலும் பொருந்தும். அதில் பல்கலைக்கழகம் ஒரு தரப்பு, சிறு நிறுவனம் ஒரு தரப்பு, தூய்மைப் பணியாளர் கூட்டுறவு மூன்றாம் தரப்பு. சொத்துரிமைப் பங்கீட்டு ஒப்பந்தம் மூவரும் கையெழுத்திட்ட பிறகே பணம் விடுவிக்கப்பட வேண்டும்.

மலக்குழி மரணத்திற்கு 10 இலட்சம் என்று 2014-இல் கூறிய உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. ஓர் இளைஞரின் தொழில்நுட்ப முயற்சிக்கு அம்பேத்கர் இயக்கம் வைத்திருக்கும் உச்சவரம்பும் அதே 30 இலட்சம். இரண்டும் தற்செயலாக ஒத்துப்போன எண்கள்தாம். ஆனால் மனு எழுதும் மேசையில் அவற்றை அருகருகே பார்க்கும்போது கை சற்று நிற்கிறது.

கல்லூரி மாணவத் தோழர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் கல்லூரி அரசுக் கல்லூரியோ அரசிடம் கணிசமாக நிதி பெறும் நிறுவனமோ ஆனால், அதன் தொழில் வளர்காப்பகம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டதாகவே இருக்கும். கடந்த ஐந்தாண்டுகளில் அங்கே எத்தனை நிறுவனங்கள் சேர்க்கப்பட்டன, அவற்றில் பட்டியலின, பழங்குடியினர் நிறுவியவை எத்தனை, தேர்வுக் குழுவின் உறுப்பினர்கள் யார் யார், தூய்மைப் பணி தொடர்பான ஆய்வுகளில் காப்புரிமை யார் பெயரில் உள்ளது என்று கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். விடையளிக்க முப்பது நாள். ‘தகவல் பராமரிக்கப்படவில்லை’ என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். 33(2)-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் மனுவில் முதல் இணைப்பாக அதைத்தான் வைப்போம்.