வெயிலுக்கு அபராதம் யார் கட்டுவது?

"கறவை மாட்டுக்குக் காற்றாடி வையுங்கள், தண்ணீர் தெளியுங்கள்" என்று கோடைதோறும் உபதேசம் செய்கிறார்கள். உபதேசம் சரிதான். காற்றோட்டமின்றித் தண்ணீர் மட்டும் தெளித்தால் கொட்டகையில் புழுக்கமே கூடும். ஆனால் தகரக் கொட்டகையில் இரண்டு மாடு கட்டியிருக்கும் ஏழை விவசாயி காற்றாடிக்கு எங்கே போவான்?

வெக்கையில் மாடு மூச்சு வாங்குகிறது, தீனியைத் தொடுவதில்லை. பாலும் குறைகிறது, கொழுப்பும் குறைகிறது. சங்கத்திலோ கொழுப்பையும் இதர சத்தையும் அளந்துதான் விலை! வெயிலின் நஷ்டமெல்லாம் விவசாயி தலையில்.

நாட்டு மாடு தாங்கும் வெயிலை ஜெர்சிக் கலப்பு தாங்காது. ஊர் ஊராகக் கலப்பினத்தைப் பரப்பியது யார்? சர்க்கார்தானே!

கூரைமேல் தென்னங்கீற்று, எந்நேரமும் தொட்டி நிறையத் தண்ணீர் – இதை விவசாயி செய்துகொள்வான், செய்தும் வருகிறான். காற்றாடிக்கு மானியம், கோடையில் வெட்டு விழாத பால் விலை, இவ்விரண்டும் சர்க்கார் பொறுப்பு. சங்கப் பொதுக்குழுவில் இதையே கேட்போம்.