மார்கழி இரவில் ஓடிப் பாருங்கள்

ஓட்டப் பயிற்சி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது பள்ளி மைதானமும் சுண்ணாம்புக் கோடுகளும் ஆசிரியரின் விசிலும்தானே? நான் சொல்லப்போவது வேறு ஓட்டம். மார்கழி, தை மாதங்களில், இரவு ஏழரை மணிக்கு மேல், ஊருக்கு வெளியே வண்டிப்பாதையில் ஓடும் ஓட்டம்.

"பனியில் போகாதே, சளி பிடிக்கும்" என்று வீட்டில் தடுப்பார்கள். சளியைத் தருவது பனி அல்ல, வைரஸ் கிருமி. பலர் நெருங்கி உட்கார்ந்திருக்கும் மூடிய அறையில்தான் அது எளிதாகப் பரவும். இழுப்பு நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காற்று அவர்களுடைய மூச்சுக் குழல்களைச் சுருக்கக்கூடும்.

ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்குதான் இயக்கமாகிறது. மீதி முக்கால் பங்கும் வெப்பம். சித்திரை மாலையில் இந்த வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? காற்றே உடம்பைப்போலச் சுடுகிறது. வியர்வை ஒன்றுதான் வழி. மார்கழி இரவிலோ காற்று 20 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும், தோல் சுமார் 33 டிகிரியில் இருக்கும். வெப்பம் தானாகவே வெளியேறுகிறது. கோடையில் இரண்டு கிலோமீட்டரிலேயே உட்கார்ந்துவிடும் நான் (என் வயதைக் கேட்காதீர்கள்), இப்போது ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டுப் பேசிக்கொண்டே வீடு திரும்புகிறேன்.

ஆனால் எனக்குப் பெரிய இன்பம் கண்ணில்தான் இருக்கிறது. நம் விழித்திரையில் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம், கோல் செல்கள் சுமார் 12 கோடி. பகலையும் நிறங்களையும் பார்ப்பவை கூம்புகள். மங்கிய ஒளியைப் பார்ப்பவை கோல்கள். கோல்களிலுள்ள ரோடாப்சின் என்ற நிறமி ஒளி பட்டால் சிதையும். இருட்டில் மீண்டும் உருவாக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். அதுவரை பொறுத்திருந்தால் பாதையின் வெண்மணல், கரைமேல் நிற்கும் பனைகள், ஏரி நீரின் விளிம்பு எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். விழித்திரையின் நடுப்புள்ளியில் கோல் செல்களே இல்லை. ஆகவே மங்கலான பொருளை நேராகப் பார்த்தால் மறையும், சற்றே ஓரமாகப் பார்த்தால் தெரியும். இன்றிரவே ஒரு மங்கலான விண்மீனைக் கொண்டு இதைச் சோதிக்கலாம்.

ஒருமுறை எதிரே வந்த மோட்டார் சைக்கிளின் விளக்கு என் கண்ணில் அடித்தது. வண்டி கடந்துபோனது. நடுப்பாதை என்று நினைத்து நான் வைத்த கால் வாய்க்காலில் இறங்கியது! அரை மணி நேரம் சேர்த்து வைத்த பார்வை ஒரு நொடியில் போயிற்று.

முதலில் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் தொடங்குங்கள். ஆனி மாதச் சூரியன் செல்லும் உயர்ந்த வழியிலேதான் மார்கழி முழுநிலா ஏறத்தாழச் செல்கிறது. நள்ளிரவில் கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே நிற்கும். அதற்குத் தெற்கே செந்நிறமாகத் தெரிவது திருவாதிரை. அதற்கும் தெற்கே, எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று மின்னுவது சிரியஸ். அதன் ஒளி நம்மை வந்தடைய எட்டரை ஆண்டுகளுக்கு மேலாகிறது. நீங்கள் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் புறப்பட்ட ஒளி அது.

பாம்பை மறந்துவிடக்கூடாது. கட்டுவிரியன் இரவில்தான் இரை தேடும். பகலில் பலமுறை நடந்து பழகிய, புல் மண்டாத அகலமான பாதையில் மட்டும் ஓடுங்கள். காலணி கட்டாயம், துணை கட்டாயம். டார்ச் எப்போதும் கையில் இருக்கட்டும். பாதையில் சந்தேகம் வந்தால் தயங்காமல் போடுங்கள். கண்ணாடிமேல் சிவப்புத் தாள் ஒட்டினால் கோல் செல்களுக்கு அதிகத் தொல்லை இராது.

எங்கள் ஊர் ஏரிக்கரை நெடுக வெள்ளை விளக்குகள் போட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. தெருவுக்கு விளக்கு வேண்டும். தனி வகுப்பு முடிந்து வரும் பெண்பிள்ளைகளின் வழியெங்கும் வேண்டும். அதையே சரியாகப் போடாமல், நாரைகள் அடையும் ஏரியை ஏன் பகலாக்குவது? போட்டுத்தான் ஆகவேண்டுமென்றால் மூடியிட்டு, ஒளி கீழே மட்டும் விழும்படி போடட்டும்.

என் அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். "இந்த இரவெல்லாம் பையன்களுக்கு மட்டும்தானா, சித்தப்பா?" என்று போன ஆண்டு கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த ஆண்டு அவளும் இரண்டு தோழிகளும் ஓடுகிறார்கள். அண்ணி பின்னாலேயே சைக்கிளில் வருகிறார். நேற்று ஓடிக்கொண்டே, பகலில் கேட்காத ரயில் ஊதல் இப்போது மட்டும் எப்படிக் கேட்கிறது என்றாள். தரை குளிர்வதால் அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கிறது, அதனால் மேலே போகும் ஒலி வளைந்து மீண்டும் தரைக்கு வருகிறது என்று மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அதற்குள் மூவரும் மதகைத் தாண்டிவிட்டார்கள்.