வீட்டிலேயே பீர் காய்ச்ச அமெரிக்காவில் அனுமதி! ஈஸ்ட் கணக்கு தப்பினால் அத்தனையும் சாக்கடைக்கு!

பாலைத் தயிராக்க ஒரு கரண்டி உறை மோர் போதும். பீர் விஷயம் அப்படி அல்ல! எத்தனை கோடி ஈஸ்ட் என்று கணக்குப் போட்டுத்தான் ஊற்ற வேண்டும். அமெரிக்காவில் வீட்டுச் சமையலறையில் பீர் காய்ச்சுகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் மண்டையை உடைத்துக்கொண்டு போடுகிறார்கள்.

வீட்டில் பீரா? போலீஸ் பிடிக்காதா? பிடிக்காது! அதற்குச் சட்டமே இருக்கிறது.

45 வருட இழுபறி

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை முழு மதுவிலக்கு. அது போன பிறகு, வீட்டில் ஒயின் செய்யச் சட்டம் இடம் கொடுத்தது. பீர் மட்டும் விடுபட்டுப் போச்சு! அந்தக் குறையை நீக்க 45 வருடம் ஆயிற்று. 1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார்.

வயது வந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 100 காலன். அதாவது சுமார் 378 லிட்டர். இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். வரி கிடையாது. ஆனால் ஒரு பாட்டில் கூட விற்கக் கூடாது! சாராயம் வடிக்கவும் அந்தச் சட்டம் இடம் தரவில்லை.

அதன் பிறகும் மாநிலங்கள் சுலபமாக மசியவில்லை. கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் ஒத்துக்கொண்டது 2013-ல்தான்!

18 ஆயிரம் கோடி!

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. வேலையைச் செய்ய வேண்டியது ஈஸ்ட்.

முளை கட்டிய பார்லியைச் சுடுநீரில் ஊற வைத்து எடுத்த இனிப்புச் சாறுதான் பீருக்கு மூலப்பொருள். அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றுவது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்.

'ஏல்' வகை பீருக்கு ஒரு கணக்கு உண்டு. சாறின் சர்க்கரை அளவில் ஒவ்வொரு டிகிரிக்கும், ஒரு மில்லி லிட்டருக்கு 7½ லட்சம் ஈஸ்ட் வேண்டும். 12 டிகிரி சாறு 20 லிட்டர் என்றால் மொத்தம் 18 ஆயிரம் கோடி! 'லாகர்' வகைக்கு இதைப் போல இரண்டு மடங்கு.

கடையில் வாங்கும் திரவ ஈஸ்ட் பாக்கெட்டில் பொதுவாகப் புதிதாக இருக்கும்போதே சுமார் 10 ஆயிரம் கோடிதான். நாள் ஆக ஆக அதிலும் செத்துக்கொண்டே வரும். பாக்கி 8 ஆயிரம் கோடிக்கு எங்கே போவது? வீட்டில் வளர்க்க வேண்டியதுதான்!

வளர்ப்பது எப்படி?

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் மால்ட் பவுடர். கால் மணி நேரம் கொதிக்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகே ஈஸ்டை ஊற்ற வேண்டும். சூட்டோடு ஊற்றினால் அவ்வளவுதான், செத்துப் போகும்!

வாயை இறுக மூடக் கூடாது. உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம். அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்தினால் போதும். காற்று போகும், தூசி போகாது. அடிக்கடி குலுக்க வேண்டும். காற்று பட்டால்தான் ஈஸ்ட் பெருகும். ஒன்று இரண்டு நாளில் படை தயார்!

பவுடர் ஈஸ்ட் வாங்கினால் பொதுவாக இந்தப் பாடே வேண்டாம்.

ஈஸ்ட் குறைந்தால் என்ன ஆகும்? சாறு நுரைக்க நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் வேண்டாத கிருமிகள் புகுந்துவிடும். புளித்து நாறும். நாள் முழுக்கப் பட்ட பாடு வீண்!

சர்க்காருக்கு நஷ்டமா?

வரி இல்லாமல் காய்ச்ச விட்டால் கஜானா காலியாகாதா? நடந்தது நேர் எதிர்! வீட்டில் கை பழகியவர்கள் பலர் லைசென்ஸ் வாங்கித் தொழிலில் இறங்கினார்கள். 1980-ல் கலிபோர்னியாவில் பீர் காய்ச்ச ஆரம்பித்த 'சியரா நெவாடா' கம்பெனி அப்படி வந்ததுதான். 1970-களின் கடைசியில் நாடு முழுக்க நூறுக்கும் குறைவாக இருந்த பீர் ஆலைகள், இப்போது 9 ஆயிரத்துக்கும் மேல். அத்தனையும் வரி கட்டுகின்றன!

'குடிக்கலாம், விற்காதே' என்று கோடு கிழித்ததுதான் இதன் சூட்சுமம்.

இங்கே கதை வேறு

இதைப் படித்துவிட்டு யாரும் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம்! 1937-ம் வருடத்துத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். சொந்த உபயோகத்துக்கு என்று சொன்னாலும் தப்ப முடியாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம். அது தொழிற்சாலை ரசாயனம். பார்லிச் சாறில் ஈஸ்ட் போட்ட பீரும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் அத்தனை சாவைப் பார்த்த ஊரில், 'வீட்டில் காய்ச்சு' என்று சொல்ல எந்த சர்க்காருக்குத் துணிச்சல் வரும்?

அங்கே ஈஸ்ட் கணக்கு தப்பினால் போவது 20 லிட்டர் பீர். இங்கே காய்ச்சினால் போவது கோர்ட்டுக்கு!