ஒருவர் லேப்டாப்பில் மட்டும் ஓடும் வெள்ள வரைபடம்

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத் தண்ணீர் எந்தெந்த வழியாக வருகிறது என்று கணக்குப் போடுவது என் வேலையில் ஒரு பகுதி. சிறுசேரியில் குடியிருப்பவளுக்கு இது அலுவலக வேலை மட்டும் அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெரும்பாக்கத்தை என்ன பாடு படுத்தியது என்று சென்னை ஓஎம்ஆர் சாலைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணக்குக்கு நான் நம்பியிருப்பது கிராஸ் என்ற இலவச வரைபட மென்பொருள். 1980களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. இன்று யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். நம் பக்கத்துத் தரை தட்டை. செயற்கைக்கோள் தரும் உயரத் தரவில் பொய்ப் பள்ளங்கள் நிறைய விழும். அவற்றைச் சரிசெய்ய ஆர்.ஹைட்ரோடெம், ஓடைகளைத் தரம் பிரிக்க ஆர்.ஸ்ட்ரீம்.ஆர்டர் என்று துணை மாட்யூல்கள் உண்டு. கவனிக்காமல் விட்டால் நிஜ ஏரியையும் பள்ளம் என்று நினைத்துத் தூர்த்துவிடும். இந்த ஊரில் அதற்கு மென்பொருள் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

விண்டோஸில் இந்த மாட்யூல்கள் தயாராகவே இறங்கும். லினக்ஸில் மூலநிரல்தான் வரும். நம் கணினியிலேயே கம்பைல் செய்ய வேண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது அங்கேதான். “அக்கா, ஜிஐஎஸ் டாட் ஹெச் இல்லைன்னு சொல்லுது. ஆனா சாஃப்ட்வேர் நல்லா ஓடுதே!” ஓடும்தான். ஓடுவதற்கு அது போன்ற ஹெடர் கோப்புகள் வேண்டாம். புதிதாக ஒன்றைக் கட்டுவதற்குத்தான் வேண்டும். மென்பொருளுக்குள் என்னென்ன செயல்கள் உண்டு, எதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற விவரம் அவற்றில்தான் இருக்கிறது. உபுண்டுவில் அவை கிராஸ்-டெவ் என்று தனியாக வருகின்றன. நிறுவினால் பாதித் தலைவலி தீரும். மீதி, முகவரிக் குழப்பம். வெர்ஷன் மாறும்போது ஃபோல்டர் பெயர் கிராஸ்78 என்பதிலிருந்து கிராஸ்82 என்று மாறிவிடும். நாம் எழுதி வைத்த பாதை மாறாது. பழைய எண், புதிய எண் இரண்டும் எழுதிய சென்னை வீட்டைத் தேடி அலைந்தவர்களுக்கு இது புரியும். கம்பைல் செய்யும்போது மாட்யூல்_டாப்டிர் என்ற இடத்தில் புதிய ஃபோல்டரைக் காட்டினால் வேலை முடிந்தது.

பலர் அப்படிச் செய்வதில்லை. வேறு வெர்ஷனின் ஹெடரை எங்கிருந்தாவது நகலெடுத்து வைப்பார்கள். இல்லையென்றால் தங்கள் ஹோம் ஃபோல்டரின் பாதையை, கம்பைல் வழிமுறை இருக்கும் மேக்ஃபைலுக்குள்ளேயே எழுதிவிடுவார்கள்; அது அந்த லேப்டாப்பில் மட்டும்தான் செல்லும். கம்பைல் ஆகிவிடும், டீ குடிக்கப் போகலாம். ஹெடர் மாறிப்போவதை கிராஸ் எதிர்பார்த்தே இருக்கிறது: மாட்யூல் எந்த வெர்ஷனின் ஹெடரை வைத்துக் கட்டப்பட்டது என்று ஓடத் தொடங்கும்போதே பார்த்து, பொருந்தாவிட்டால் நிறுத்திவிடும். அந்தச் சோதனையை அணைத்துவைக்கவும் வழி உண்டு. அவசரக்காரர்கள் அதையும் கண்டுபிடிப்பார்கள். அதற்குப் பிறகு வரும் வடிகால் கோட்டை நான் நம்பமாட்டேன்.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலை கொடுக்கிறவர்கள் கேட்பது வண்ணப் படம் போட்ட அறிக்கை. அந்தப் படத்தை மறுபடி உண்டாக்கும் வழியை யாரும் கேட்பதில்லை. செய்தவர் வேலை மாறுவார், லேப்டாப்பைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். புதுத் தரவு வரும்போது எல்லாம் முதலிலிருந்து.

செய்த முறையைப் பதிவு செய்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் ஏழரை மைல் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். சங்கிலி வெயிலில் நீளும் என்பதால் பக்கத்திலேயே வெப்பமானி வைத்துக் குறித்துக்கொண்டு, அளந்த முறையை அச்சிலும் வெளியிட்டார். பின்னால் வந்தவர்கள் சரிபார்க்க முடிந்தது. அதே பெரும்பாக்கத்துக்கு இன்று போடும் வெள்ளக் கணக்குக்கு அந்த வசதி வேண்டாமா?

அரசுப் பணத்தில் நடக்கும் எந்த வெள்ள ஆய்வின் ஒப்பந்தத்திலும் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். மூலநிரல், தரவு, வெர்ஷன் எண்கள், கட்டும் முறை எல்லாம் எழுத்தில் வர வேண்டும். ஒப்படைக்கும்போது திட்டத்தில் சம்பந்தமே இல்லாத ஒருவர், காலிக் கணினியில் அந்தக் குறிப்பை மட்டும் பார்த்துக் கட்ட வேண்டும். அதே வரைபடம் வந்தால்தான் கடைசித் தவணை. செலவு கூடும் என்பார்கள். கூடட்டும், ஒரே ஆய்வுக்கு இரண்டு முறை பணம் கொடுப்பதைவிடக் குறைவுதான்.

ஓஎம்ஆர் நெடுகிலும் இருக்கும் பொறியியல் கல்லூரிகள் இதற்கு அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாம். ப்ராஜெக்ட் வைவாவுக்கு மாணவர் சொந்த லேப்டாப்பைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிடலாம். லேப் கணினியில் கட்டிக் காட்டட்டும். ஹெடர் இல்லை என்று பிழை வந்தால், அதைச் சரிசெய்யும் விதத்துக்கும் சேர்த்து மதிப்பெண் போடட்டும்.