பாஸ் இருக்கிறது, லீவும் இருக்கிறது, பிறகென்ன?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நெருளில் எங்கள் பக்கத்துக் கட்டடத்துப் பெரியவர் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினார். திருநெல்வேலிச் சீமைக்காரர். தாராவியில் முப்பது வருஷம் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தி, ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக உழைத்து, ஓய்வு பெற்ற பணத்தில் இங்கே சிட்கோ வீடு ஒன்று வாங்கிக் குடியேறியவர். "தம்பி, நீதான் பேப்பரில் எல்லாம் எழுதுகிறாய். என் மகனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு" என்றார்.

மகனுக்கு வயது 27. நல்ல உத்தியோகம். என்னைவிடச் சம்பளம் அதிகம். அதை ராஜினாமா செய்துவிட்டு, ஒரு வருஷம் மோட்டார் சைக்கிளில் இந்தியாவைச் சுற்றி வரப் போகிறானாம். வீட்டுக் கடன் இன்னும் தீரவில்லை. தாயாருக்குச் சர்க்கரை வியாதி. பெரியவரின் கவலை நியாயமானதுதான்.

நானும் வழக்கமான பாடத்தை ஒப்பிக்கும் எண்ணத்தோடுதான் போனேன். அவன் முழுதும் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, நீங்கள் ரயில்வேயில் இருக்கிறீர்கள். பாஸ் கொடுக்கிறார்கள். இதுவரை எந்தெந்த ஊர் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டான். விரல் விட்டு எண்ணினேன். திருநெல்வேலி. திருப்பதி ஒரு தடவை. ஷீர்டி ஒரு தடவை. மறுபடி திருநெல்வேலி. அதற்குமேல் விரல் மடங்கவில்லை.

எங்கள் உத்தியோகத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஐந்து வருஷ சேவை முடித்த குமாஸ்தாவுக்கு வருஷத்துக்கு மூன்று செட் பாஸ் உண்டு. ஒரு செட் என்றால் போக ஒன்று, வர ஒன்று, குடும்பத்தோடு. சம்பளத்தோடு கூடிய லீவு வருஷத்துக்கு 30 நாள். ஜனவரியில் பதினைந்து, ஜூலையில் பதினைந்து என்று கணக்கில் ஏறும். எடுக்காமல் விட்டால் 300 நாள் வரை சேரும். ஓய்வு பெறும்போது அதைக் காசாக வாங்கிக் கொள்ளலாம். இந்தக் கடைசி வசதிதான் அநேகரை லீவு எடுக்க விடாமல் செய்கிறது என்பது என் அபிப்பிராயம். லீவைச் சேர்ப்பது என்பது எங்கள் ஆட்களுக்கு நகைச்சீட்டு கட்டுவது போல.

என் தகப்பனாரும் ரயில்வேக்காரர்தான். அவருக்கு ஒரே ஓர் ஆசை. பிரம்மபுத்திராவை ரயிலில் கடக்க வேண்டும். கௌஹாத்தி பக்கம் சராய்காட் பாலத்தைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து பிடித்த பைத்தியம் அது. "ரிட்டயர் ஆகட்டும், உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்பார். சேவையில் இருக்கும்போதே, 53-ஆம் வயதில் காலமாகிவிட்டார். சேர்த்து வைத்த லீவெல்லாம் பணமாகி அம்மா கைக்கு வந்தது. அதில்தான் அக்காவின் கல்யாணம் நடந்தது. பத்தாம் வகுப்பு மட்டும் தேறியிருந்த எனக்குக் கருணை அடிப்படையில் இந்த வேலை கிடைத்தது. அந்தப் பணம் உதவவில்லை என்று சொன்னால் நான் நன்றி கெட்டவன். ஆனாலும், சராய்காட் பாலத்துக்குப் போய் வர அவருக்கு ஆகியிருக்கக்கூடிய லீவு பத்து நாள். அக்காவின் கல்யாணம் அந்தப் பத்து நாளால் நின்று போயிருக்காது.

அதனால்தான், "முதலில் கடமை, ஊர் சுற்றுவது பிறகு" என்று சொல்வோரைக் கண்டால் எனக்குச் சட்டென்று தலையாட்ட முடிவதில்லை. பிறகு என்பது எப்போது?

இதற்காக, வேலையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கிளம்பு என்று சொல்லும் ஆளும் நான் இல்லை. எனக்குக் கிடைத்த வேலை என் தகப்பனாரின் சாவினால் கிடைத்தது. அதைத் தூக்கி எறிய எனக்கு உரிமை உண்டா என்றே தெரியவில்லை. தவிர, விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்து வேறு வேலை தேடிக்கொள்வது பின்னால் தாங்குவதற்கு ஆள் இருப்பவர்களால் முடியும். நம் வீடுகளில் பெரும்பாலும் நாம்தான் அந்த ஆள்.

நம்மவர்களிலேயே இதற்கு வழி கண்டவர்கள் இல்லாமல் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளத்தை நம்பிய குடும்பம். ஆனால் அவர் மனமெல்லாம் ஏட்டுச் சுவடிகள் எந்த ஊரில், யார் வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்பதில் இருந்தது. வேலையை விட்டாரா? விடவில்லை. விடுமுறை வந்தால் மூட்டையைக் கட்டினார். பத்துப்பாட்டுக்காகத் திருநெல்வேலி, ஆழ்வார்திருநகரி என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். சிந்தாமணி 1887-இல், பத்துப்பாட்டு 1889-இல், சிலப்பதிகாரம் 1892-இல், புறநானூறு 1894-இல் அச்சாகி வந்தன. இத்தனையும் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொண்டே! அன்றைக்கு ரயில் போகாத ஊர்கள்தான் அதிகம். மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் போனவர் அவர். நமக்கு ரயிலும் உண்டு, பாஸும் உண்டு, அவருடைய வைராக்கியம்தான் குறைவு.

அவர் பெரியவர், நமக்கு ஒப்பாகாது என்பீர்கள். சரி, கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயனை எடுத்துக் கொள்ளுங்கள். அவரும் மனைவி மோகனாவும் அந்தச் சின்னக் கடை வருமானத்தில் தினமும் ஒரு தொகையை எடுத்து வைத்தார்கள். போதாததற்குக் கடன் வாங்கினார்கள். போனார்கள், வந்தார்கள், மறுபடி டீ ஆற்றிக் கடனை அடைத்தார்கள். அடைத்து முடித்ததும் அடுத்த தேசம். 2007-இல் தொடங்கி 2021 வரை 26 நாடுகள். ரஷ்யாவுக்குப் போய் வந்த சில வாரங்களில், 2021 நவம்பரில் விஜயன் காலமானார். கடையை விற்றுவிட்டுப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கடைதான் அவருக்கு டிக்கெட்.

கடன் வாங்கி ஊர் சுற்றுவதை நான் சிபாரிசு செய்யவில்லை. அந்தத் தம்பதிக்கு அது சரிப்பட்டது. வட்டிக்கு வாங்கி நொந்த குடும்பங்களை நெருளிலும் செம்பூரிலும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

லீவு என்ற பேச்சே இல்லாதவர்களையும் நினைக்க வேண்டும். தாராவியில் தோல் பட்டறையிலும் தையல் மெஷினிலும் இருப்பவர்களில் எத்தனை பேருக்குப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது? 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள லீவு என்று வைத்தது. அது காகிதத்தில் பெயர் உள்ளவனுக்கு. பெயர் இல்லாதவன் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனால் அத்தனை நாளும் கூலி போச்சு, திரும்பி வரும்போது அந்த மெஷினில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். அவனிடம் போய் "வாழ்க்கையில் ஒரு தடவை காஷ்மீரைப் பார்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவன் பாட்டன் மூட்டையோடு ஊரைவிட்டு வந்த பயணமே மூன்று தலைமுறைக்குப் போதும். லீவு உள்ளவன் அதைப் பூட்டி வைத்துக்கொண்டு, நேரமே இல்லை என்று அலுத்துக் கொள்வதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருவது இவர்களை நினைத்துத்தான்.

நம் லீவு எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம், காது குத்து, கொடை, கருமாதி. எல்லாம் ஊருக்கு. போகாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. ஆனால் மூன்று செட் பாஸில் மூன்றுமே திருநெல்வேலிக்கா? எங்கள் நெருளில் பாம் பீச் ரோடு ஓரத்து நீர்நிலைகளுக்கு வருஷா வருஷம் பூநாரைகள் வருகின்றன, மழைக்கு முன் போய்விடுகின்றன. என் சின்ன மகள், "அதுங்களுக்கு யாருப்பா லீவு கொடுக்கிறது?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

அந்தப் பையனிடம் மறுபடி போனேன். "ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போடு. சம்பளமில்லாத லீவு கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடு. ஒரு வருஷம் வேண்டாம், மூன்று மாதம் கேள். ஆறு மாதத்து வீட்டுத் தவணையையும் அம்மாவின் மருந்துச் செலவையும் பாங்கில் போட்டுவிட்டு அப்புறம் வண்டியை எடு" என்றேன். "மூன்று மாதத்தில் என்ன பார்க்க முடியும் அண்ணாச்சி?" என்றான். நான் பதின்மூன்று வருஷ சேவையில் பார்த்ததைவிட அதிகம் பார்ப்பாய் என்றேன். சிரித்துவிட்டான். பெரியவருக்குத்தான் திருப்தியில்லை. புத்தி சொல்லப் போனவன் பாதி சம்மதம் கொடுத்துவிட்டு வந்தேன் என்று வருத்தம்.

அவனுடைய ஆபீசில் இரண்டு மாதத்துக்குச் சம்மதித்திருக்கிறார்கள். தீபாவளி முடிந்து கிளம்புகிறான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வண்டி ஓட்டக்கூடாது என்று தாயார் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

நான் இருபது நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அசாமில் பிரம்மபுத்திராவின் மேல் போகிபீல் பாலம் 2018 டிசம்பரில் திறந்தார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நீளம். என் தகப்பனார் காலத்தில் அது இல்லை. முதலில் அவர் சொன்ன சராய்காட், அப்புறம் போகிபீல். அம்மா வருகிறேன் என்கிறார், முழங்கால்தான் இடைஞ்சல். கீழ் பெர்த் கிடைக்குமா என்று பார்த்துக் கொண்டிருக்கிறேன்.