வரி இல்லைன்னு ஒப்பந்தம் போட்டாச்சு... அப்புறம் ஏன் இந்தியா - இலங்கை வர்த்தகத்தில் இத்தனை சண்டை?

காஞ்சிபுரம் மாவட்டம் தென்னேரியில் ஒரு வீட்டுத் தறியில் கல்யாணப் பட்டு நெய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டு நூல் கர்நாடகாவில் இருந்து வருது. ஜரிகை சூரத்தில் இருந்து. நெய்து முடித்த சேலை கடல் தாண்டிப் போய் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நிற்குது.

இது எந்த நாட்டுச் சரக்கு? "இதுல என்ன சந்தேகம், காஞ்சிபுரம் பட்டுதானே" என்பீர்கள். சரி, அதே சேலைக்கான பட்டு நூல் சீனாவில் இருந்து வந்திருந்தால்?

கேட்க சின்னக் கேள்விதான். ஆனால் இந்தியாவும் இலங்கையும் 25 வருடங்களாக மாறி மாறிச் சண்டை போடுவதில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

ஒப்பந்தம் என்ன சொல்லுது?

1998 டிசம்பர் 28-ம் தேதி டெல்லியில் பிரதமர் வாஜ்பாயும் இலங்கை அதிபர் சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்டது, இந்திய - இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம். 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஒருத்தர் பெரியவர், ஒருத்தர் சின்னவர் என்பதை இந்த ஒப்பந்தம் வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டது. இந்தியா மூன்று வருடத்தில் வரியை நீக்க வேண்டும், இலங்கைக்கு எட்டு வருட அவகாசம். 'இதற்கு மட்டும் சலுகை கிடையாது' என்று இந்தியா ஒதுக்கி வைத்தவை 429 பொருட்கள். இலங்கை ஒதுக்கியது 1,180. பார்த்தால் இந்தியா தாராளமாகவே நடந்துகொண்ட மாதிரி தெரியும். தாளில் அது உண்மைதான்.

சரி, அந்தச் சேலை எந்த நாட்டுது?

விதி இரண்டு. ஒன்று, வெளிநாட்டு மூலப்பொருள் வேறு பொருளாக மாறியிருக்க வேண்டும். சுங்கத்துறைக் கணக்கில் பட்டு நூலின் எண் 5004, நெய்த பட்டுத் துணியின் எண் 5007. எண் மாறினால் பொருளும் மாறிவிட்டது என்று அர்த்தம். இரண்டு, விலையில் குறைந்தது 35 சதவீதம் உள்நாட்டில் சேர்ந்த மதிப்பாக இருக்க வேண்டும். அதாவது 100 ரூபாய்ப் பொருளில் வெளியிலிருந்து வந்த சரக்கு 65 ரூபாயைத் தாண்டக்கூடாது.

ஆக, சீன நூலில் நெய்தாலும் இந்த இரண்டும் பொருந்தினால் அது இந்தியச் சேலைதான். சலுகைப் பட்டியலில் இருக்கிற எல்லாப் பொருளுக்கும் இதே கணக்கு. (நிஜத்தில், யாழ்ப்பாணத்துலயும் கொழும்புலயும் கல்யாணம் வைத்திருக்கிற குடும்பங்கள் நேரா காஞ்சிபுரம் வந்து வாங்கி பெட்டியில் வைத்து எடுத்துப் போவதும் நிறைய உண்டு. அது எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் ஏறாது.)

நெசவில் இந்த விதியால் பெரிய பஞ்சாயத்து இல்லை. பஞ்சாயத்து வந்தது எண்ணெயில்.

வனஸ்பதி வந்த வழி

2000-களின் தொடக்கத்தில் பாமாயில் இறக்குமதிக்கு இந்தியா மிக அதிக வரி போட்டிருந்தது. இலங்கையில் அந்த வரி குறைவு. நடுவில் ஒரு வரியில்லாப் பாதை திறந்திருக்கு. வியாபாரிகளுக்கு இதற்கு மேல் சொல்லணுமா?

மலேசியா பக்கமிருந்து பாமாயிலை இலங்கையில் இறக்கி, அங்கேயே வனஸ்பதியாக்கி, வரி இல்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். எண்ணெய் வனஸ்பதியாக மாறும்போது எண்ணும் மாறிவிடும், அதனால் காகிதம் சுத்தம். அந்த ஆலைகளில் முதலீடு செய்ததில் இந்தியர்களும் இருந்தார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. தாமிரத்திலும் இதே மாதிரி, பழைய உலோகத்தை வாங்கி உருக்கி அனுப்பும் தொழில் முளைத்தது.

2000-ல் இலங்கை இந்தியாவுக்கு விற்றது 6 கோடி டாலருக்கும் குறைவு. 2005-ல் அது சுமார் 56 கோடி டாலர். ஒப்பந்தத்தின் மாபெரும் வெற்றி என்று கொழும்பில் கொண்டாடிய இந்த எண்ணில் பெரும்பங்கு வனஸ்பதியும் தாமிரமும்தான்.

இந்திய வனஸ்பதி ஆலைகள் கூச்சல் போட்டன. இந்தியா வருடத்துக்கு இரண்டரை லட்சம் டன் என்று உச்சவரம்பு கட்டியது. பாமாயில் வரியும் பிறகு இறங்க, அந்தத் தொழிலின் அடிப்படையே போனது. இலங்கையில் ஆலைகள் மூடப்பட்டன.

இதில் இந்தியா செய்தது தப்பா? ஓட்டையை அடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இலங்கைத் தரப்புக்கு இதிலிருந்து கிடைத்த பாடம் வேறு. நாம் அதிகமாக விற்க ஆரம்பித்தால் கதவு பாதி சாத்தப்படும் என்பது அந்தப் பாடம்.

மிளகு கொஞ்சம் சிக்கல்

மிளகில் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. இலங்கை நிஜமாகவே மிளகு விளைவிக்கும் நாடு. வருடத்துக்கு 2,500 டன் வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பலாம் என்பது ஏற்பாடு. ஆனால் வியட்நாம் மிளகை இலங்கைச் சான்றிதழோடு உள்ளே விடுகிறார்கள் என்று இடுக்கி, குடகு விவசாயிகள் புகார் சொன்னார்கள். 2017 டிசம்பரில் இந்தியா, கிலோ 500 ரூபாய்க்குக் கீழே எந்த மிளகும் வரக்கூடாது என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயித்தது.

இடுக்கி விவசாயிக்கு அது நியாயம். ஆனால் மாத்தளையில் சொந்தத் தோட்டத்தில் பறித்த மிளகை விற்க நினைத்தவரும் அதே அடியை வாங்கினார். வேலி எல்லோருக்கும் ஒரே உயரம்தானே.

கொடுத்தது கைக்கு வந்ததா?

இலங்கை உலகத்துக்கே விற்பது இரண்டு: தேயிலை, ஆயத்த ஆடை. இந்த இரண்டிலும்தான் இந்தியா அளந்து அளந்து கொடுத்தது.

தேயிலை வருடத்துக்கு ஒன்றரைக் கோடி கிலோ வரைதான். ஆடை 80 லட்சம் உருப்படி. அதில் 60 லட்சத்தை இந்தியத் துணியில்தான் தைத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, குறிப்பிட்ட சில துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரணும். நீலகிரி தேயிலைக்காரரையும் திருப்பூர் பனியன் தொழிலையும் நினைத்தால் டெல்லியின் பயம் புரியும். ஆனால் விளைவு என்ன? ஆரம்ப வருடங்களில் அந்த ஒதுக்கீட்டில் பெரும்பகுதி பயன்படாமலேயே கிடந்தது. நிபந்தனைகளை இந்தியா தளர்த்தியது பிற்பாடுதான்.

சின்ன நாடு மட்டும் சும்மா இருந்ததா?

இல்லை. 2020-ல் டாலர் தட்டுப்பாடு வந்ததும் இலங்கை வாகன இறக்குமதியையே நிறுத்தியது. இந்திய ஆட்டோக்களும் சின்னக் கார்களும் அதிகம் ஓடும் சந்தை அது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025-ல்.

மஞ்சளுக்கும் தடை போட்டார்கள். அங்கே விலை பல மடங்கு ஏறியது. விளைவு, ராமேஸ்வரம், மண்டபம், தூத்துக்குடி கடற்கரைகளில் மூட்டை மூட்டையாகக் கடத்தல் மஞ்சள் பிடிபட்டது நம் செய்திகளில் வாரம் தவறாமல் வந்தது. ஈரோட்டில் சாதாரணமா விற்கிற சமையல் பொருள், பாக் நீரிணையில் கடத்தல் சரக்காக மாறியது.

ஆக இரண்டு பேரும் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஆனால் அடி ஒரே அளவில் விழுவதில்லை.

100 ரூபாய்க் கணக்கில் பார்ப்போம்

2023-24-ல் இரு நாட்டுச் சரக்கு வர்த்தகம் சுமார் 550 கோடி டாலர். இந்தியா விற்றது 410 கோடி அளவில், இலங்கை விற்றது 140 கோடி அளவில். "பாருங்க, எவ்வளவு பற்றாக்குறை, ஒப்பந்தத்தால் நாசமாப் போச்சு" என்பது இலங்கை அரசியலில் பழைய கோஷம்.

அது முழுசா சரியில்லை. இந்தியா அனுப்புவதில் பெட்ரோலியப் பொருட்கள், மருந்து, துணி என்று பலதும் ஒப்பந்தச் சலுகை இல்லாமலே போகின்றன. சலுகையை அதிகம் பயன்படுத்துவது இலங்கை ஏற்றுமதியாளர்கள்தான். இங்கிருந்து போகும் துணியில் ஒரு பகுதி அங்கே சட்டையாகி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய் அவர்களுக்கு டாலராகத் திரும்புகிறது.

கவலைப்பட வேண்டிய கணக்கு வேறு. இந்தியா உலகத்துக்கு 100 ரூபாய்க்குச் சரக்கு விற்றால், அதில் இலங்கை வாங்குவது ஒரு ரூபாய்க்கும் குறைவு. இலங்கை 100 ரூபாய்க்கு இறக்குமதி செய்தால், அதில் ஏறக்குறைய 20 ரூபாய் இந்தியச் சரக்கு.

இதை வெங்காயத்தில் பார்த்தோம். உள்நாட்டு விலை ஏறுதுன்னு 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. நம்ம ஊரில் அது விலையைக் குறைக்கிற நடவடிக்கை. கொழும்பில் அது சமையலறை நெருக்கடி. இலங்கைக்கு 10,000 டன் அனுப்ப டெல்லி அனுமதித்தது 2024 ஏப்ரலில், நான்கு மாதம் கழித்து.

இதே இந்தியாதான் 2022-ல் இலங்கை திவாலாகி நின்றபோது சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கை கொடுத்தது. தமிழ்நாடு அரசும் அரிசி, பால் பவுடர், மருந்து அனுப்பியது. உதவிக்கு நன்றி இருக்கும், அதே நேரம் பயமும் இருக்கும். இரண்டும் ஒரே காரணத்தால்தான்: அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு பெரிதாக இந்தியா இருக்கிறது.

அடுத்து என்ன?

சேவைத் துறையையும் முதலீட்டையும் சேர்த்து ஒப்பந்தத்தை விரிவாக்கும் முயற்சி 2008-ல் கையெழுத்து வரை வந்து நின்றுபோனது. அதன் புது வடிவம்தான் 'எட்கா'. 2016-ல் பேச்சு தொடங்கி, நடுவில் நின்று, 2023-ல் மீண்டும் தொடங்கி, 2024 ஜூலையில் 14-வது சுற்று முடிந்திருக்கிறது.

சுவாரசியம் என்னன்னா, 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்று வகுப்பெடுத்து வளர்ந்த ஜேவிபியின் தலைவர் அநுர குமார திசாநாயக்கதான் இப்போது அதிபர். அவரே 2024 டிசம்பரில் டெல்லி வந்து, பேச்சைத் தொடரலாம் என்று கூட்டறிக்கையில் ஒப்புக்கொண்டார்.

எத்தனை பொருளுக்கு வரி போகும் என்பதுதான் தலைப்புச் செய்தியாகும். ஆனால் இலங்கை வியாபாரிகள் முதலில் தேடப்போவது வேறு ஒரு பக்கத்தை. உச்சவரம்பு, குறைந்தபட்ச விலை, ஏற்றுமதித் தடை என்று எதையாவது டெல்லி திடீரெனக் கொண்டுவந்தால், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், ஏற்கெனவே கப்பலில் ஏறிய சரக்கை என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கிறதா? கொழும்பு மஞ்சளுக்குத் தடை போடும்போது ஈரோட்டு வியாபாரிக்கும் அதே பக்கம் வேண்டும்.